கடைசி அரை பைட்

நாகர்கோவில் செட்டிகுளம் ஜங்ஷனில்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
இரவு ஷிப்டில் எனக்கு
இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் நிற்கிற வேலை.

ஒன்று எங்கோ குளிரூட்டிய அறையில் மெயின்பிரேம்.
நான் பிறப்பதற்கு முன் எழுதிய கணக்குகளை
இன்னும் ஒரு பைசா சிந்தாமல் வைத்திருக்கிறது.
இன்னொன்று குளச்சல் கிளைக் கவுண்டரில்,
கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டும்
உப்புக்காற்றில் பின்பக்கம் துருவேறியது.
இது கேட்கும், அது சொல்லும்,
இடையில் எங்கள் மிடில்வேர்.
ஒழுங்காக ஓடினால்
அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

புதிதாகச் சேர்ந்த சென்னைப் பையன் நிரஞ்சன்
ஒருநாள் போனில் கேட்டான், எங்கே போனீர்கள் என்று.
"வெள்ளம் குடிக்கப் போனேன்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
அவன் ஊரில் அந்தச் சொல்லுக்குப் படகு வரும்.
எங்களுக்கு ஒரு செம்பு போதும்.

அதை வைத்தே அவனுக்கு விளக்கினேன்:
மெயின்பிரேமிடம் அறுபத்து நான்கு என்றால்
வெற்றிடம்.
கவுண்டர் கம்ப்யூட்டரிடம் அதே அறுபத்து நான்கு
மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்தச் சுருள்.
மாற்றாமல் அனுப்பிவிட்டால்
ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும்
வரிசையாக நத்தை ஊரும்.

நத்தை ஊர்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்.
எண் அப்படியில்லை.
தப்பான எண்ணும் சரியான எண் மாதிரியேதான் இருக்கும்.

குளச்சலிலிருந்து ஒரு புகார்
மூன்று வாரமாகத் திறந்தே கிடந்தது.
பிரகாசியம்மாள், ததேயுவின் மனைவி.
பாக்கி 4,320 என்று காட்டியதாம். ஐந்நூறு கட்டியிருக்கிறாள்.
4,820.
சங்கிலியை அடகு வைத்து இன்னொரு ஐந்நூறு.
5,320.
கவுண்டர்க்காரர் எழுதியிருந்தார்:
'வட்டியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.
சத்தம் போடுகிறார்.'

கட்டக் கட்ட ஏறுகிற கடன்.

இரண்டு நாற்பதுக்கு
மூலப் பைட்டுகளைத் திறந்தேன்.
பூஜ்யம் ஐந்து. மூன்று இரண்டு. பூஜ்யம் டி.
இலக்கங்கள் முடிந்த பிறகு
கடைசி அரை பைட்டில் உட்கார்ந்திருக்கும் குறி:
சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல்.
கழித்தல் என்றால்
கம்பெனி அவளுக்குத் தரவேண்டிய பணம்.

மெயின்பிரேம் முதலிலிருந்தே சரியாகச் சொல்லியிருக்கிறது.
அவளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.
நடுவில் நின்ற நாங்கள்
அரை பைட்டை விழுங்கிவிட்டு
மிச்சத்தைப் பரிமாறியிருக்கிறோம்.

அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தேன்.
ஷெர்லின்.
தேதி, என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
இதே மாதிரி வேறு கணக்கு உண்டா என்று தேடினால்
இருநூற்றுப் பன்னிரண்டு.
தேநீர் ஆறிப் பாடை கட்டியிருந்தது.
புகாரை மூடக் காரணம் கேட்டது திரை:
தரவுப் பிழை, பயனர் பிழை, நெட்வொர்க், மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.

விடியற்காலை பஸ் ஸ்டாண்டில்
குளச்சல் வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
நான் அழகியமண்டபம் வண்டியில் ஏறினேன்.
அவள் முகம் எனக்குத் தெரியாது.
நான் அறிந்ததெல்லாம் முப்பது பைட் அகலம்,
பெயருக்குப் பன்னிரண்டு,
மீதி பதினெட்டும் வெற்றிடம்.

மத்தியானம் தூங்கி எழுந்தால்
கவுண்டர்க்காரரின் செய்தி வந்திருந்தது:
'அந்த அம்மா வந்தாங்க.
திரையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாங்க.
எண்ணுக்கு முன்னால இருந்த கோட்டைத்
தொட்டுப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டாங்க.
பதில் இருந்தா அனுப்புங்க.
"இந்தக் கோடு இவ்வளவு நாளும்
எங்க கெடந்துது மக்ளே?"'